பதிவேடு எண் நான்கு

விண்ணப்பத்தின் ஒன்பதாம் கட்டம் கேட்கிறது:
நிர்வாகியின் தகுதி.
பி.காம்., இரண்டாம் வகுப்பு.
முதியோர் பராமரிப்பில் ஆறு மாதச் சான்றிதழ்,
அஞ்சல்வழி.
அதற்குமேல் எழுத இடமில்லை,
இருந்தாலும் எழுத ஒன்றுமில்லை.

இல்லத்தின் உரிமம் புதுப்பிக்க
மூன்று மாதமாய் அலைகிறேன்.
தீயணைப்புத் துறையின் தடையின்மைத் தாள்,
கட்டடம் நிற்கும் என்று ஒரு பொறியாளரின் முத்திரை,
என்மீது வழக்கு எதுவும் இல்லையென்று
ஒத்தக்கடைக் காவல் நிலையத்தின் கடிதம்.
எழுத்தர் சிரித்தார்:
"இருக்குன்னா ஒரு நிமிசத்துல சொல்லிருவோம்.
இல்லைங்கிறதுக்குத்தாம்மா தேடணும்."

சாய்தளத்தின் சரிவு, பன்னிரண்டுக்கு ஒன்று.
கழிப்பறையில் கைப்பிடி. கட்டிலுக்கொரு அழைப்பு மணி.
மணல் வாளி நான்கு.
ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது.
நகர்த்த மனமில்லை,
ஆய்வன்று காலை நகர்த்தினேன்.

ஆய்வுக்கு வந்தவர் பெயர் திலகராணி.
செருப்பை வாசலில் விட்டுவிட்டு
நேராகக் கொல்லைப்புறக் குப்பைத்தொட்டிக்குப் போனார்.
எத்தனை டயப்பர், எத்தனை கையுறை,
குச்சியால் கிளறி எண்ணினார்.
காபி வேண்டாம் என்றார்.
பிறகு கேட்டார், பதிவேடு எண் நான்கு.

படுத்த படுக்கையாய் இருப்போரை
இரண்டு மணி நேரத்துக்கொரு முறை
புரட்டிப் படுக்கவைக்கும் பதிவேடு.
இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம்.
நேரம். கையெழுத்து.
ஒரு கட்டமும் விடுபடாத ஏடு.
அவர் விரல் வரிவரியாய் இறங்கி வந்தது,
ஆவணி, ஆடி, ஆனி என்று பின்னோக்கி,
சித்திரைக்கு.

எதிர்சேவை ராத்திரி அது.
இரவுப் பணிக்கு வரவேண்டிய இருவரும்
அழகரைப் பார்க்கப் போய்விட்டார்கள்.
பத்தொன்பது பேருக்கு நான் ஒருத்தி.
ஆறாம் கட்டிலில் பொன்னுச்சாமி,
பஞ்சாலையில் நூல் பிரிவில்
முப்பத்தோரு வருடம் நின்ற கால்கள்,
வாதம் வந்தபின் பேச்சில்லை.
பன்னிரண்டு மணிக்கு அவரைப் புரட்டினேன்.
இரண்டு மணிக்கு முன்னால்
ஐந்தே நிமிடம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கண் திறந்தபோது ஜன்னலில்
யானைமலை வெளுத்துக்கொண்டிருந்தது.
எழுந்ததும் முதலில்
நான் அவரைப் புரட்டவில்லை.
பேனாவை எடுத்தேன்.
இரண்டு மணி, இடப்பக்கம், ஞானசௌந்தரி.
நான்கு மணி, மல்லாக்க, ஞானசௌந்தரி.
கையெழுத்து நடுங்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் போர்வையை விலக்கினேன்.
இடுப்பெலும்பின் மேல்
ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பு.
நாலாம் நாள் அது வாய் திறந்தது.
நாற்பத்தோரு நாள் கழுவினேன்.
முகத்தைப் பார்க்காமல் கழுவக்
கற்றுக்கொண்டேன், அதுவும் ஒரு தகுதி.

திலகராணியின் விரல் அந்த இரு வரிகளில் நின்றது.
இரண்டும் ஒரே மை, ஒரே அழுத்தம்.
நின்றதா,
மின்விசிறிக் காற்றில் தாள் புரண்டதா,
இன்னும் எனக்குத் தெரியவில்லை.
"இவ்வளவு சுத்தமா எழுதின ரிஜிஸ்டரை
நான் பார்த்ததில்ல" என்றார்.
சொல்லும்போது சிரிக்கவில்லை.

உரிமம் வந்துவிட்டது, மூன்று ஆண்டுக்கு.
எல்லோர் பார்வையிலும் படும்படி மாட்டவேண்டும்
என்பது நிபந்தனை பதினான்கு.
ஆறாம் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஆணி இருந்தது.
வலப்பக்கம் படுத்தால் அவர் கண்ணுக்கு நேரே
கோபுர முத்திரையும் என் பெயரும்.
இடப்பக்கம் படுத்தால் மலை,
யாரும் புரட்டாமல்
அது பாட்டுக்குப் படுத்துக் கிடக்கிறது.

பதிவேட்டின் பேனாவைக் கயிற்றில் கோத்து
அவர் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே
கட்டிவிட்டிருக்கிறேன்.
புது ஆயா முறைத்தாள்:
"எடுக்கணும்னா அவரைத் தூக்கணுமேக்கா."
ஆமாம் என்றேன்.